ஏழு மூட்டை வேஸ்ட்

ஜூன் 6

பதினாறு முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். மகள் முத்துச்செல்வி காலையில் கோவில்பட்டி பஸ் ஏறிவிட்டாள். கூட வந்து இரு என்றாள். வரவில்லை என்றேன்.

இது போன வருஷத்து டைரி. பிரஸ்ஸில் அட்டை கோணலாக ஒட்டிப்போய்க் கழித்துப் போட்டது, அவர் எடுத்து வந்து வைத்திருந்தார். கிழமை பொருந்தாது, தேதியை மட்டும் பார்த்து எழுதுகிறேன். நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். தப்பு இருந்தால் இருக்கட்டும்.

எழுதக் காரணம் இருக்கிறது. போலீஸ் எழுதியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ்காரர் எழுதியிருக்கிறார். பிரஸ் முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாரும் எழுதியதில் என் வீட்டுக்காரர் குருவையா குடோனுக்குள் பீடி குடிக்கப் போய், அந்த நெருப்பு பற்றிச் செத்தார் என்று இருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் அந்த மனுஷனோடு இருந்திருக்கிறேன். பக்கத்தில் யாராவது பீடி பற்ற வைத்தாலே தும்முவார். மெஷினில் கூட நிற்கிறவனை, கொஞ்சம் தள்ளிப்போய் ஊதுடே என்று விரட்டுவார்.

அவர் பேர் இப்படி எழுதிக் கிடக்கக் கூடாது. எழுதினவனும் நல்லா இருக்கக் கூடாது.

ஜூன் 8

முதலாளி பேர் ரெத்தினவேல். எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் சொல்வோம். பதினாறாம் நாள் வந்து, படத்துக்கு மாலை போட்டு, பத்து நிமிஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மோர் கொடுத்தார்கள், குடித்தார். போகும்போது என்னைப் பார்த்து, நல்ல வேலைக்காரன், அந்தப் பழக்கம் ஒண்ணுதான் கெடுத்துருச்சு என்றார். அத்தனை பேர் இருந்தார்கள், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அந்த மோர் டம்ளரை இன்னும் கழுவவில்லை. வெளியில் கிடக்கிறது.

ஜூன் 9

மேனேஜர் ஜெயபாண்டி வந்தார். அண்ணாச்சி எனக்கு பைண்டிங்கில் உட்கார்ந்து பார்க்கிற வேலை தரச் சொன்னாராம். அச்சடித்த தாளைப் பாரம் பாரமாக மடிக்கலாம், ஃபேனுக்கு அடியில் இருக்கலாம் என்றார். கையில் ஒரு பேப்பர் வைத்திருந்தார். எனக்கு யார் மேலும் புகார் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கண் சரியாகத் தெரியவில்லை, மகள் வந்த பிறகு படித்துப் போடுகிறேன் என்று வாங்கி வைத்துக்கொண்டேன்.

வேலைக்கு வருகிறேன், ஆனால் பழைய வேலையே போதும் என்றேன். அவருக்கு ஆச்சரியம். வேஸ்ட் துணி வேலைக்கா என்று கேட்டார். ஆமா என்றேன்.

மடியில் இருந்து பார்த்தால்தான் எங்கே கடிக்கலாம் என்று தெரியும்.

ஜூன் 12

இன்று போனேன். மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால் என் வேலை என்ன என்று எழுதி வைக்கிறேன். திருப்பூரிலிருந்து பனியன் வெட்டுத்துணி பேல் பேலாக வரும். அதை வைத்துத்தான் மெஷின் ரோலரில் மை துடைப்பார்கள். பெட்ரோலில் நனைத்துத் துடைப்பார்கள், தின்னரில் நனைத்துத் துடைப்பார்கள். துடைத்துப் போட்டதைத்தான் வேஸ்ட் என்போம். நானும் சுப்புத்தாயும் சாயந்தரம் நாலு மெஷினிலும் அதைப் பொறுக்குவோம். கொஞ்சம் நல்லதாக இருப்பதை மண்ணெண்ணெயில் அலசிப் பின்பக்கம் கம்பி வேலியில் காயப் போடுவோம், திரும்பவும் மெஷினுக்குப் போகும். கந்தலானதைச் சாக்கில் கட்டினால் சுண்ணாம்புக் காளவாசலுக்கு எரிக்க எடுத்துப் போவார்கள். பதினொரு வருஷமாக இதுதான் வேலை. நகக்கண் கறுப்பு போகாது. சோற்றில் தின்னர் வாசம் அடிக்கும், பழகிவிட்டது.

எதுவானாலும் முதலில் விரித்துக் காயப்போட வேண்டும். ஈரத்தோடு குவிக்கக் கூடாது. வார்னிஷ் துடைத்த துணி என்றால் எருக்குழி மாதிரி உள்ளுக்குள் சூடு ஏறும். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே சுப்புத்தாய் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எரிந்த குடோனுக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். வாசலில் புதிதாக ஆறு நீல டிரம் நிற்கிறது. மூடி போட்டு, இரும்பு வளையம் போட்டது. திறந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஜூன் 13

தலைவலி. ரேஷனில் மண்ணெண்ணெய் இந்த மாசம் இல்லையாம். பருப்பு மட்டும் வாங்கினேன்.

ஜூன் 17

இன்று மடியில் தீப்பெட்டி கொண்டு போனேன். அதை எழுதத்தான் வேண்டும்.

மத்தியானம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தபோது வேலிப்பக்கம் போய் நின்றேன். துணி அவ்வளவும் மொடமொடவென்று காய்ந்து கிடந்தது. ஒரு குச்சி போதும். காற்றும் பிரஸ் பக்கமாகத்தான் அடித்தது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியவில்லை, சுப்புத்தாய் வந்து தோளில் கை வைத்தாள். மடியைத் தடவிப் பார்த்துத் தீப்பெட்டியை எடுத்தாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. "கிறுக்கச்சி, எரிச்சேன்னா இன்சூரன்ஸ்ல புது மெஷின் வாங்கிருவாரு. போன தடவைக்கு இன்னும் வரலைன்னு நொந்து போயிருக்காரு, நீ சேத்து வாங்கிக் குடுக்கப் போறியா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் போன பிறகு இன்றைக்குத்தான் சிரித்தேன். சிரித்துவிட்டேனே என்று வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

ஜூன் 23

சாயந்தரம் துணி அலசும்போது சுப்புத்தாய் மெதுவாகக் கேட்டாள். பீடி குடிக்க மாட்டார்னு எங்க எல்லாருக்கும் தெரியும் மதினி, ஆனா மூணாம் நம்பர் மெஷின்ல நின்ன மனுஷனுக்கு குடோன்ல என்ன வேலை, அதுக்குப் பதில் தெரியாமத்தானே நாங்க வாயை மூடிக்கிட்டு இருக்கோம் என்றாள்.

கை கழுவ வாளியில் தண்ணீர் இல்லை, பிடித்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டேன். வாளியில் தண்ணீர் இருந்தது.

ஜூன் 24

வெண்டைக்காய்க் குழம்பு வைத்தேன். ஒரு ஆளுக்கு அளவு தெரியவில்லை. மிச்சத்தை நாய்க்கு ஊற்றினேன்.

தீப்பிடித்த அன்றைக்கு முந்தின நாள் வியாழக்கிழமை. வேலைக்குப் போனேன். வேலை முடிந்து வந்தேன்.

ஜூலை 1

பிரஸ்ஸில் ஒரே கூத்து. மாசு வாரியத்திலிருந்து வியாழக்கிழமை பார்க்க வருகிறார்களாம், காகிதம் வந்திருக்கிறது. தீ விபத்து நடந்ததால் மறுபடி பார்க்கிறார்களாம். போன தடவையும் இப்படித்தான் ஒரு காகிதம் வந்தது.

வேலித்துணியை எல்லாம் எடுக்கச் சொன்னார்கள். மேனேஜர் டிரம்முக்கு ஒட்ட மஞ்சள் பேப்பர் அச்சடித்து வந்தார். நம்ம பிரஸ்ஸிலேயே அடித்தது. என்னைப் பசை தடவச் சொன்னார். சார், இதுல என்னதான் போட்டிருக்கு என்று மேனேஜரைக் கேட்டேன். அவரும் நல்ல மூடில் இருந்தார், படித்துச் சொன்னார். மை, தின்னர் பட்ட துணி ஆபத்தான கழிவு. மூடி போட்ட டிரம்மில்தான் வைக்க வேண்டும். என்றைக்குப் போட்டது என்று தேதி எழுத வேண்டும். தொண்ணூறு நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. லைசென்ஸ் வாங்கின ஆளிடம்தான் கொடுக்க வேண்டும், கொடுத்ததற்குச் சீட்டு வேண்டும். நாமாக எரிக்கக் கூடாது, அடுத்தவனுக்கு எரிக்கவும் கொடுக்கக் கூடாது.

இதெல்லாம் எப்ப வந்துச்சு என்றேன். அது பல வருஷமா இருக்கும்மா என்றார், கை கழுவிக்கொண்டே.

பசையைத் தடவிக்கொண்டே இருந்தேன். கந்தல் துணிக்கு ஒரு சட்டம் இருக்கிறது. நான் அதை வெறும் கையால் பதினொரு வருஷம் பிழிந்திருக்கிறேன். குச்சி வேண்டாம், தீப்பெட்டி வேண்டாம். அண்ணாச்சி கழுத்துக்குக் கயிறு அவர் மெஷினிலேயே அச்சாகி என் கைக்கு வந்துவிட்டது. ஆறு பேப்பரில் ஒன்றை மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். ஐந்து டிரம்மில்தான் ஒட்டியிருக்கிறது. யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

ஜூலை 3

வந்தது ஒரு சின்னப் பெண். ஷர்மிளா மேடம் என்றார்கள். முத்துச்செல்வியை விட நாலைந்து வயசு கூட இருக்கும். அண்ணாச்சி இளநீர் கொடுத்தார், தண்ணி பாட்டில் இருக்கு சார் என்றது.

மூட்டை எல்லாம் நேற்றே காளவாசலுக்குப் போய்விட்டது. வேலி துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டிரம்மில் பேருக்குக் கொஞ்சம் துணி போட்டிருந்தார்கள். மே மாசத்திலும் இதே டிரம்மில்தான் இருந்தது மேடம், மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த ஆள் பீடி பற்ற வைத்துவிட்டான் என்று அண்ணாச்சி சொன்னார். பத்தடி தள்ளி நான் கூட்டிக்கொண்டிருந்தேன். நான் யார் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அண்ணாச்சிக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

அந்தப் பெண் டிரம்முக்குள் தலையை விட்டு மோந்து பார்த்தது. புது பிளாஸ்டிக் வாசம்தான் சார் அடிக்குது என்றது. பிறகு சுற்றிப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து, அம்மா நீங்க இங்க என்ன வேலை பாக்குறீங்க என்று கேட்டது. நான் பேசுவதற்குள் மேனேஜர், கூட்டிப் பெருக்குறவங்க மேடம் என்றார். அது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

போகும்போது மெஷின்காரர்களிடம் ஒரு கேள்விதான் கேட்டது. இறந்தவருக்கு குடோனில் என்ன வேலை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜூலை 4

லீவு சொல்லிவிட்டு, ஷர்மிளா மேடம் ஆபீஸுக்குப் போக விருதுநகர் பஸ் ஏறினேன். பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

ஜூலை 7

ஒரு பேப்பர் குறைகிறது என்று மேனேஜர் கண்டுபிடித்துவிட்டார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. நாற்காலியில் உட்காரச் சொன்னார், அந்த மனுஷன் என்னை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"சீனியம்மா, நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியும். போ. போய், மூட்டை இருந்துச்சு, டிரம் இல்லைன்னு சொல்லு. அடுத்த கேள்வி என்ன வரும்? கட்டுனது யாரு? நானா கட்டுனேன், அண்ணாச்சி கட்டுனாரா? உன் புருஷன் சாவுக்கு நீயே உள்ள போவியா?"

அவர் டீ சொன்னார். குடித்துவிட்டு வந்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஜூலை 8

முத்துச்செல்வி போனில் பேசினாள். அப்பாவுக்குப் பீடிப் பழக்கம் உண்டா என்று அவள் மாமியார் கேட்டார்களாம். அவள் அழவில்லை. எனக்கே சந்தேகம் வந்துருச்சும்மா என்றாள். நம்ம கண்ணுக்குத் தெரியாம குடிச்சிருப்பாரோ என்னவோ, இல்லைன்னா அங்க எதுக்குப் போனாரு என்றாள்.

பெற்ற மகளே.

ஜூலை 9

போய்ச் சொல்லிவிட்டேன். சொன்னதை ஒன்று விடாமல் எழுதிவிடுகிறேன்.

ஷர்மிளா மேடம் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டது. நான் உட்காரவில்லை. மஞ்சள் பேப்பரை மேஜையில் வைத்தேன். குருவையா சம்சாரம் நான் என்றேன். அது என் கையைத் திரும்பவும் பார்த்தது. பிறகு பேனாவை எடுத்தது.

மே மாசம் டிரம்மே கிடையாது, எல்லாம் செத்த பிறகு வாங்கினது என்றேன். தீப்பிடித்ததற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, நோட்டு அட்டைக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தார்கள், பள்ளிக்கூடம் திறக்கிற சீசன். மறுநாள் ஆபீஸர் வருகிறார், வேலியில் ஒரு துணி கண்ணில் படக் கூடாது, எல்லாத்தையும் கட்டி குடோனுக்குள் போடு என்று அண்ணாச்சியே வந்து நின்று சொன்னார். இன்னும் காயவில்லை, குவித்தால் சூடு பிடிக்கும் என்றேன். ஒரு நாள்ல என்ன பிடிக்கும், கட்டு என்றார். சுப்புத்தாய் அன்றைக்கு வரவில்லை. நான்தான் கட்டினேன். சாக்குக்குள் இறங்கி நின்று காலால் மிதித்தேன், மிதித்தால்தான் கொள்ளும். ஏழு மூட்டை. கால் வழுவழு என்று இருந்தது.

மறுநாள் காலையில் விளக்குமாறு எடுக்கப் போனபோது குடோன் ஜன்னல் கம்பிக்குள் கையை விட்டு ஓரத்து மூட்டையைத் தொட்டேன். காய்ச்சல் பிள்ளை நெற்றி மாதிரி சுட்டது. மேனேஜரிடம் சொன்னேன். ஆபீஸர் போகட்டும் என்றார். பதினோரு மணிக்கு ஆபீஸர் வந்தார், போனார். திரும்பவும் சொன்னேன். திங்கட்கிழமை பாத்துக்கலாம் என்றார்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு, இதெல்லாம் போலீஸ்ல ஏம்மா சொல்லல என்று கேட்டது. கேட்டார்கள், தெரியாது என்று சொல்லி நானும் கையெழுத்துப் போட்டேன் என்றேன். ஏன் என்றது. மேஜையில் இருந்த மஞ்சள் பேப்பரை நீவி விட்டேன்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது. வரும் என்று தெரியும்.

"மெஷின்ல நின்னவருக்கு குடோன்ல என்னம்மா வேலை?"

"நான்தான் போகச் சொன்னேன்."

மத்தியானச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது சொன்னேன். மூட்டை சுடுது, சாவியை எடுத்து அந்த ஏழையும் இழுத்து வெளியே போட்டுருங்க என்றேன். மெஷின் ஓடிக்கிட்டு இருக்கு, மேனேஜர் வையப்போறாரு என்றார். ஒரு தடவையாவது சொன்னாக் கேளுங்க என்று கோபப்பட்டேன். சரி, சரி, போறேன் என்றார். நாலு மணிக்கு மேனேஜர் மேஜையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறார். உள்ளே கனன்றுகொண்டு இருந்தது காற்றுக் கிடைத்ததும் ஒரே எழும்பாக எழும்பிவிட்டது. நான் வேலிப்பக்கம் வாளி கழுவிக்கொண்டிருந்தேன். டப் என்று ஒரு சத்தம்தான் கேட்டது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஒரு தடவை கண் திறந்தபோது, மூட்டையை எடுத்துட்டேனா என்று கேட்டார். எடுத்துட்டீங்க என்றேன்.

அந்தப் பெண் பேனாவை வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்து வந்தது. எழுதினதை முழுக்க வாசித்துக் காட்டியது. இது மேல போகும்மா, உங்க பேரும் இதுல இருக்கு, யோசிச்சுக் கையெழுத்துப் போடுங்க, யாரையாவது கலந்துக்கிட்டு நாளைக்குக்கூட வரலாம் என்றது. நல்ல பிள்ளை.

"ஒண்ணு மட்டும் பெருசா எழுதுங்க. பீடி இல்ல. தீப்பிடிக்காம தடுக்கப் போன ஆளு."

எழுதியது. சீனியம்மாள் என்று முழுப் பேரும் எழுதினேன்.

ஜூலை 10

பன்னிரண்டு மணி நேரம் தூங்கியிருக்கிறேன்.

ஜூலை 15

போலீஸ் வந்து மறுபடி எல்லாம் கேட்டு எழுதினார்கள். காளவாசல்காரனையும் பிடித்து விசாரித்தார்களாம். மேனேஜர் அப்ரூவர் மாதிரி எல்லாவற்றையும் அண்ணாச்சி மேல் தள்ளுகிறார் என்று கேள்வி. ஒருத்தரை ஒருத்தர் கடிக்கட்டும்.

சுப்புத்தாயும் தானாகப் போய், டிரம்மை நான் கண்டதே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்கு வரவில்லை. சொல்லி அனுப்பினாள்: மதினி, எனக்கு இனி வேலை கிடையாது, அது பரவாயில்லை, ஆனா அன்னைக்கு நீ தண்ணி பிடிக்கப் போனப்பவே சொல்லியிருக்கலாம்.

மகளுக்குப் போன் பண்ணி முழுக்கச் சொன்னேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். அப்பா பீடி குடிக்கலை என்றாள் கடைசியில். ஆமா என்றேன். வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை.

ஜூலை 29

இன்று பிரஸ்ஸுக்குச் சீல் வைத்தார்கள். கரண்டைப் பிடுங்கிவிட்டார்கள். பார்க்கவென்றே தலைக்கு எண்ணெய் வைத்துச் சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு போனேன்.

எதிர்ச்சாரியில் நின்றேன். அரக்கை உருக்கிப் பூட்டின் மேல் அமுக்கினார்கள். மெஷின்காரர்கள் துணிப்பையைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருத்தராகப் போனார்கள். ரெண்டு பேர் என்னைப் பார்த்துத் துப்பினார்கள். ஒருத்தர் கும்பிட்டார். அண்ணாச்சி கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றார், செருப்பைக்கூட உள்ளே விட்டுவிட்டார் போல, தார் ரோட்டில் காலை மாற்றி மாற்றி வைத்தார். அதை நன்றாகப் பார்த்தேன். அவசரப்படாமல் பார்த்தேன். எத்தனை நாள் சோறு இறங்காமல் கிடந்ததற்கு அந்த ஒரு காட்சி போதும் என்று இருந்தது.

அவர் என்னைப் பார்த்துவிட்டு ரோட்டைத் தாண்டி வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மூஞ்சி சுருங்கிப்போய்க் கிடந்தது.

"வயிறு நிறைஞ்சுதா சீனியம்மா?"

"பாதிதான் அண்ணாச்சி. இதுல ரெண்டு பேருக்குச் செய்ய வேண்டியிருக்கு. ஒரு ஆளுக்குச் செஞ்சுட்டேன்."

மேனேஜரையா சொல்லுதே என்று கேட்டார். அவர் கண்ணில் பயம் கூட இருந்தது, தனக்குத் துணைக்கு இன்னொரு ஆள் மாட்டுகிறான் என்கிற மாதிரி ஒரு ஆசையும் இருந்தது.

மேனேஜர் இல்லை என்றேன். அப்புறம் யாரு என்றார். நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிய வேண்டியது இல்லை.

பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வந்தேன்.

ஜூலை 30

சம்மன் வந்தது. முதல் பேர் அண்ணாச்சி, ரெண்டாவது பேர் என்னுடையது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கும்போது, பயப்படாதீங்கம்மா, பெரிய வக்கீலா வச்சா உங்க பேரை எடுத்துருவாங்க என்று சொன்னான்.

வக்கீல் வைக்கவில்லை.